கஸ்தூரி விற்பவனும் கந்தக வாடையும்



விருதுநகர் மாவட்டத்தில் மாலை நேர மக்தப் ஒன்றில் பல்லாண்டுகளாகப் பாடம் நடத்திவருகிறோம். அஸ்ர் தொழுகை முடிந்ததும் பள்ளிச் சீருடையோடு ஓடிவரும் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்பிப்பதும், மஃரிபுக்கு முன் நபிமொழி ஒன்றை விளக்குவதும் நமது அன்றாடப் பணி. சென்ற ஆண்டு அவ்வாறு விளக்கிய ஒரு பாடம், நாம் சிறிதும் எண்ணிப்பாராத வகையில் ஒரு சிறுவனைக் காயப்படுத்திவிட்டது. அதை மறைக்காமல் எழுத விரும்புகிறோம். அந்தத் தவற்றில் நம் சமுதாயத்துப் பெற்றோர் பலருக்கும் பங்குண்டு என்று அஞ்சுவதே அதற்குக் காரணம்.

அன்று விளக்கியது யாவரும் அறிந்த நபிமொழி. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றிருப்பது. நல்ல தோழனைக் கஸ்தூரி விற்பவனுக்கும், தீய தோழனைக் கொல்லனின் துருத்தியை ஊதுபவனுக்கும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். முன்னவனிடமிருந்து நறுமணமாவது கிடைக்கும். பின்னவனால் ஆடை கருகும், அல்லது கெட்ட வாடையாவது வந்து சேரும் என்பது அதன் கருத்து. "ஆகவே பிள்ளைகளே, யார் பக்கத்தில் அமர்கிறோம் என்று பார்த்து அமர வேண்டும்" என்று கூறிப் பாடத்தை முடித்தோம். பிள்ளைகள் தலையசைத்தார்கள். நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று மகிழ்ந்தோம்.

அடுத்த வாரம் ஒரு சிறுவன் மூன்று நாள்கள் தொடர்ந்து வரவில்லை. பத்து வயதுப் பிள்ளை. வருகைப் பதிவேட்டில் குறியிட்டோமே தவிர, ஏன் வரவில்லை என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. நான்காம் நாள் அவன் வீட்டுக்குச் சென்றோம். ஒற்றை அறை வீடு. தாயார் அப்போதுதான் பட்டாசு ஆபீஸிலிருந்து திரும்பியிருந்தார். முழங்கை வரை அலுமினியத் தூளின் வெள்ளிப் பூச்சு இன்னும் போகாமல் இருந்தது. அவருடைய வேலைச் சேலையும் மகனுடைய சட்டையும் ஒரே கொடியில் தொங்கின.

"அஜரத், அவன் சட்டையை மூணு தடவை துவைச்சுப் போட்டுட்டேன். இன்னும் வாடை போகலைன்னு சொல்லுறான். பிள்ளைங்க அவனைத் துருத்தின்னு கூப்பிடுதாம். அஜரத்தே சொல்லிட்டாங்க, உன் பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு சொல்லுதாம்."

என்ன மறுமொழி கூறுவது என்று தெரியாமல் நின்றோம். நாம் குணத்தைப் பற்றிப் பேசியிருந்தோம். பிள்ளைகள் மூக்கால் புரிந்துகொண்டிருந்தார்கள். நபிகளாரின் சொல்லை ஒரு பிள்ளையை ஒதுக்குவதற்கான கருவியாக அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, நல்ல பாடம் நடத்தியதாக எண்ணிக்கொண்டிருந்தோம்.

பாடத்தின் மறுபாதி

அன்றிரவு அந்த நபிமொழியை மீண்டும் வாசித்தோம். அதில் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் தோழனைத் தேடிச் செல்பவர். மற்றவர் தோழனாக இருப்பவர். நம் வீடுகளிலும் மக்தபுகளிலும் முதலாமவருக்கான அறிவுரையை மட்டுமே நாள்தோறும் கூறுகிறோம். "அவனோடு சேராதே", "அந்த வீட்டுக்குப் போகாதே", "நல்ல பிள்ளைகளோடு மட்டும் பழகு" என்கிறோம். "உன் பக்கத்தில் அமர்பவனுக்கு உன்னிடமிருந்து என்ன மணம் கிடைக்கிறது?" என்று எந்தப் பிள்ளையிடமாவது கேட்டிருக்கிறோமா? நாம் கேட்டதில்லை.

தேர்வு மதிப்பெண்ணையும் குர்ஆன் ஓதலையும் தினந்தோறும் விசாரிக்கும் பெற்றோர், "இன்று மதியம் யாரோடு அமர்ந்து சாப்பிட்டாய்?" என்று கேட்பது அரிது. ஆனால் பிள்ளையின் உள்ளத்தில் பள்ளி என்றாலே முதலில் எழும் கேள்வி அதுதான். இடைவேளை மணி அடித்ததும் யாரிடம் ஓடுவது, குழு பிரிக்கும்போது யார் தன்னை அழைப்பார்கள், அழைக்காவிட்டால் எங்கே நிற்பது என்பவை பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரியலாம். அந்த வயதுக்கு அவைதாம் உலகம்.

இதைக் கல்வியாளர்கள் முறைப்படி ஆராய்ந்திருக்கிறார்கள். 1982இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் கோயியும் அவருடைய சக ஆய்வாளர்களும், வகுப்பிலுள்ள பிள்ளைகளிடம் யாரை மிகவும் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று கேட்டு, பிள்ளைகளின் நிலையை வகைப்படுத்தினார்கள். அதில் நாம் கவனிக்க வேண்டிய வகைகள் இரண்டு. பலராலும் வெறுத்து ஒதுக்கப்படும் பிள்ளை ஒருவகை. யாராலும் வெறுக்கப்படாமல், அதே நேரத்தில் யாருடைய நினைவிலும் இல்லாமல் போகும் பிள்ளை இன்னொரு வகை. முதல் வகைப் பிள்ளையின் துயரம் சண்டையாகவோ அழுகையாகவோ வெளிப்பட்டு ஆசிரியர் காதுக்கு வரக்கூடும். இரண்டாம் வகைப் பிள்ளை தொந்தரவு தருவதில்லை. ஆகவே அவனை "அமைதியான பிள்ளை" என்று பாராட்டிவிட்டுக் கடந்துபோகிறோம்.

தாயைச் சொல்லிப் பழித்தவர்

அபூதர் (ரலி) அவர்கள் தம் வாழ்வில் நிகழ்ந்த ஒரு தவற்றைத் தாமே அறிவித்திருக்கிறார்கள். ஒருவரோடு ஏற்பட்ட வாக்குவாதத்தில் அவருடைய தாயைக் குறிப்பிட்டு இழிவாகப் பேசிவிட்டார்கள். செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்றது. அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் எஞ்சியிருக்கிறது என்னும் பொருள்பட நபிகளார் கடிந்துகொண்டார்கள். தொடக்க காலத்திலேயே இஸ்லாத்தை ஏற்ற பெருந்தோழர் அபூதர் (ரலி). அவர்களுக்கே இந்தக் கண்டிப்பு என்றால், தாயின் தொழிலைச் சொல்லி ஒரு சிறுவனைப் பழிப்பது எவ்வளவு பெரிய பாவம் என்பதை எண்ணிப்பாருங்கள். நம் மக்தபில் நடந்தது அதுவேதான். பிள்ளைகள் அச்சிறுவனின் சட்டையைச் சொன்னார்கள். பழி சென்று சேர்ந்த இடமோ அவனுடைய தாயின் உழைப்பு.

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமான சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் தெளிவாகத் தடுக்கிறது. பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரைவிட மேலானவர்களாக இருக்கக்கூடும் என்று அது நினைவூட்டுகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அந்த எச்சரிக்கையை விடுக்கிறது. நம் பிள்ளைகள் இந்த வசனத்தைத் தஜ்வீதோடு ஓதுகிறார்கள். ஓதி முடித்து வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே ஒருவரையொருவர் பட்டப்பெயரால் அழைக்கிறார்கள். நாமும் கேட்டுச் சிரித்திருக்கிறோம்.

இந்த ஊர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டியுள்ளது. சிவகாசியிலும் சாத்தூரிலும் விருதுநகரிலும் ஜவுளிக்கடையோ, மளிகைக்கடையோ, பாத்திரக்கடையோ நடத்தும் நம் குடும்பங்களின் கல்லாவில் விழும் பணத்தில் கணிசமான பங்கு பட்டாசு ஆபீஸிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் அச்சாபீஸிலும் உழைப்போரின் வாரக்கூலி. திரி வைத்தும், குழாய் சுற்றியும், மருந்து செலுத்தியும் அவர்கள் ஈட்டும் கூலியால்தான் கடைத்தெரு நடக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டதை இப்பகுதியில் எவரும் மறந்திருக்க முடியாது. அதன் பின்னரும் விபத்துகள் நின்றபாடில்லை. காலையில் வேலைக்குச் சென்ற தாய் மாலையில் திரும்புவாரா என்ற அச்சத்தோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, அவனுக்கு அருகிலிருப்பவன் மூக்கைப் பொத்துகிறான். பட்டாசு விபத்தில் இறந்தோரின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆயினும் கட்டணத்தை அரசு செலுத்தலாம். பெஞ்சில் நகர்ந்து இடம் தருவதற்கு அருகிலிருக்கும் பிள்ளைக்குத்தான் மனம் வரவேண்டும்.

சிறியதென்று விட்டது எங்கே சென்று முடியும்

"பிள்ளைகள் விளையாட்டாகப் பேசுவதைப் பெரிதுபடுத்தலாமா?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் நாங்குநேரியை நினைத்துப்பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 9 இரவு, பன்னிரண்டாம் வகுப்பில் படித்துவந்த தலித் மாணவர் ஒருவரை, அவருடைய பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்கு முன்னர் அம்மாணவர் தொல்லை தாங்காமல் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தியிருந்தார். காரணம் விசாரிக்கப்பட்டபோது நடந்ததைக் கூறினார், அதன்பின் தாக்கப்பட்டார். நீண்ட சிகிச்சைக்கிடையிலும் 2024 பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார் என்பது அவருடைய மனவுறுதிக்குச் சான்று.

இந்நிகழ்வை அடுத்து அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை அளித்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளும் மோதிரங்களும் அணிவதைத் தடுத்தல், வகுப்பில் பெயரின் அகரவரிசைப்படி அமர்த்துதல் போன்ற பரிந்துரைகள் அதில் உள்ளன. ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி, பிள்ளைகள் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்பது வரை சிந்திக்க நேர்ந்திருக்கிறது. யார் பக்கத்தில் யார் அமர்கிறார் என்பது அவ்வளவு கனமான விஷயம்.

"அது அவர்களுடைய சாதிச் சிக்கல், நம்மிடம் அது இல்லை" என்று நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. கையில் கயிறு கட்டாமலேயே பிரிக்கும் வித்தை நமக்கும் தெரியும். உருது பேசும் வீடு, தமிழ் பேசும் வீடு. முதலாளி வீட்டுப் பிள்ளை, ஆபீஸுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை. பரம்பரை முஸ்லிம், புதிதாக வந்தவர். இச்சொற்களைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. நம் வீட்டுத் திண்ணையிலும் கல்யாணப் பேச்சிலும் கற்றார்கள்.

விருதுநகர் மண்ணுக்கு இதைக் கற்பிக்க வெளியூரிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. 1903இல் இங்கே பிறந்த காமராஜர், சிறுவயதிலேயே தந்தையை இழந்து, பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு, துணிக்கடையில் வேலைக்கு நின்றவர். அவர் முதலமைச்சரான பின் 1950களில் மதிய உணவுத் திட்டம் பள்ளிகளில் பரவியது. பசியைப் போக்குவதே அதன் நோக்கம். எனினும் ஒரே சோற்றை ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் பழக்கத்தையும் அது பிள்ளைகளுக்குத் தந்தது. பின்னாளில், தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள் விடியுமுன் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற காலமும் இங்கே இருந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டமும், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும், அதிகாரிகளும் தன்னார்வலரும் ஆற்றிய உழைப்பும் சேர்ந்தே அப்பிள்ளைகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தன. அவ்வளவு பாடுபட்டுத் திறந்த கதவை, ஒரு பட்டப்பெயரால் நம் பிள்ளைகள் மூடிவிடக் கூடாது.

நம் பிள்ளை ஒதுக்கப்படும்போது

மறுபக்கத்தையும் பேசுவோம். பள்ளியில் நம் பிள்ளைகளும் ஒதுக்கப்படுகிறார்கள். முக்காடு அணியும் சிறுமியிடம் கேட்கப்படும் கேள்விகள், நோன்பு நாளில் மதிய இடைவேளையில் தனித்திருக்கும் நேரம், செய்தியில் எங்கோ நடந்த ஒன்றுக்கு இவனிடம் விளக்கம் கேட்கும் பார்வை ஆகியவற்றை நம் பிள்ளைகள் சுமக்கிறார்கள். வீட்டில் சொன்னால் "சபூர் செய்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சபூர் உயர்ந்த குணம்தான். ஆனால் பிள்ளையின் துயரத்தைக் கேட்காமலிருப்பதற்கு அது சாக்காகிவிடக் கூடாது.

இவ்விடத்தில் பெற்றோர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர், பிள்ளை எல்லோரோடும் சேரவேண்டும் என்பதற்காகத் தொழுகையிலும் உணவிலும் விட்டுக்கொடுக்கப் பழக்குகிறார்கள். வேறு சிலர், மார்க்கத்தைக் காக்கும் நோக்கில், பிற சமயத்துப் பிள்ளைகளோடு பழகவே வேண்டாம் என்கிறார்கள். முதலாவது வழியில் பிள்ளை தன்னை இழக்கிறான். இரண்டாவது வழியில் தோழமையை இழக்கிறான். அல்லது வீட்டில் ஒரு முகம், பள்ளியில் ஒரு முகம் என்று வாழப் பழகிக்கொள்கிறான்.

நம் மார்க்கம் கூறுவது இவ்விரண்டும் அன்று. நம்மோடு பகைமை பாராட்டாத பிற சமயத்தாருக்கு நன்மை செய்வதையும் நீதியோடு நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று 60ஆம் அத்தியாயத்தின் 8ஆம் வசனம் உணர்த்துகிறது. நோன்பு வைத்த சிறுமி மதிய வேளையில் தோழியரோடு அமர்ந்து பேசிக்கொண்டிருப்பதால் நோன்பு முறிந்துவிடாது. மாலையில் ஒரு தூக்குவாளி நோன்புக் கஞ்சியைத் தோழி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் இரு வீடுகளும் நெருங்கும். "எனக்கு இது கூடாது, ஆனால் உன்னோடு இருப்பேன்" என்று இனிமையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை தன் ஈமானையும் காத்துக்கொள்கிறான், நட்பையும் காத்துக்கொள்கிறான். அந்தச் சொற்களை வீட்டிலேயே சொல்லிப் பழக்கவேண்டியது பெற்றோரின் கடமை.

செய்யக்கூடியவை

ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் இருவர் இருவராகச் சகோதரர்களாக்கினார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) சகோதரரானார்கள். புதிதாக வந்தவர் தாமே நட்புத் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடவில்லை. பெரியவர் ஒருவர் முன்னின்று இணைத்துவைத்தார்கள். ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமா?

மக்தபில் நாம் இப்போது பின்பற்றும் சிலவற்றைக் கூறுகிறோம். ஒவ்வொரு மாதமும் அமரும் இடத்தைச் சீட்டுக் குலுக்கி மாற்றுகிறோம். "உனக்கு விருப்பமானவனோடு குழு சேர்" என்று சொல்வதை அறவே நிறுத்திவிட்டோம். அந்த ஒரு வாக்கியம் கடைசியில் நிற்கும் பிள்ளையை ஊரறியக் காட்டிவிடுகிறது. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெள்ளையர், கறுப்பர், மெக்சிகர் எனப் பிரிந்து நின்ற பிள்ளைகளை ஒன்றிணைக்க எலியட் ஆரன்சன் என்னும் உளவியலாளர் ஒரு முறையை வகுத்தார். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்து, அவன் மற்றவர்களுக்குக் கற்பிக்கச் செய்வது அது. அவன் பேசினால்தான் மற்றவர்களுக்குப் பாடம் முழுமையாகும். யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைக் கனவு, கிணறு, எகிப்து, சிறை, மீண்டும் சந்திப்பு என்று ஐந்தாகப் பிரித்து அவ்வாறே நடத்தினோம். கிணறு பற்றிய பகுதியை நாம் முன்னர் கூறிய சிறுவனுக்குக் கொடுத்தோம். தள்ளிவிடப்பட்டவரின் கதையை அவன் சொல்லும்போது வகுப்பு அமைதியாகக் கேட்டது.

பெற்றோருக்கு நமது வேண்டுகோள் மூன்று. முதலாவதாக, பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்கும்முன், யாரோடு சாப்பிட்டான், யார் தனியாக இருந்தார்கள் என்று கேளுங்கள். இரண்டாவதாக, உங்கள் பிள்ளை பிறரை ஒதுக்குவதாகப் புகார் வந்தால், "என் பிள்ளை அப்படியில்லை" என்று சண்டைக்கு நிற்காதீர்கள். அபூதர் (ரலி) அவர்கள் கண்டிப்பை ஏற்றுக்கொண்டதை நினைவில் வையுங்கள். மூன்றாவதாக, பிள்ளை பள்ளிக்கோ மக்தபுக்கோ போக மறுத்தால் அடிக்கும்முன் காரணத்தை விசாரியுங்கள். தொல்லை எல்லை மீறினால் வகுப்பாசிரியரையும் தலைமையாசிரியரையும் சந்தியுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும், 14417 என்னும் தமிழகப் பள்ளிக்கல்வி உதவி எண்ணும் அதற்காகவே உள்ளன. அவற்றை அழைப்பதில் இழிவு ஏதுமில்லை.

எங்கே ஜுலைபீப்?

ஒரு போர் முடிந்தபின் யாரையெல்லாம் காணவில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். தோழர்கள் சில பெயர்களைக் கூறினார்கள். மீண்டும் மீண்டும் கேட்டபோது, வேறு எவரும் இல்லை என்றார்கள். ஆனால் தாம் ஜுலைபீபைக் காணாமல் தேடுவதாக நபிகளார் கூறினார்கள். தேடிச்சென்றபோது எதிரிகள் எழுவரின் உடல்களுக்கருகே அவர் ஷஹீதாகிக் கிடந்தார். முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ள நிகழ்வு இது. பிறர் நினைவில் எழாத ஒரு பெயர் அல்லாஹ்வின் தூதருடைய நினைவில் இருந்தது.

வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் இப்போது அந்நிகழ்வு நினைவுக்கு வருகிறது. மூன்று நாள்கள் ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே குறியிட்டுவிட்டு மஃரிபுக்குச் சென்ற நாம், அவனை ஒரு முறையாவது தேடினோமா?

அவன் வீட்டுக்குச் சென்ற மறுநாள், எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். பாடத்தை அரைகுறையாக விளக்கிவிட்டதாகவும், நபிகளார் குறித்தது குணத்தின் வாடையையே என்றும், ஹலாலான உழைப்பின் வாடை அல்லாஹ்விடம் இழிவானதன்று என்றும் கூறினோம். ஒரு வாரம் கழித்து அச்சிறுவன் வந்தான். பட்டப்பெயர் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று பொய் சொல்ல விரும்பவில்லை; இன்னும் எப்போதாவது காதில் விழுகிறது. ஆனால் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் மகன் ஒவ்வொரு மாலையும் சைக்கிளில் சென்று அவனை அழைத்துக்கொண்டு வருகிறான். அவ்வாறு செய்யும்படி நாம் யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவனுடைய தாயார், "நீ போய்க் கூட்டிட்டு வா" என்று சொன்னதாகப் பின்னர் அறிந்தோம்.

அந்தத் தாயைப் போன்றோரை நம் வீடுகளில் அல்லாஹ் பெருகச் செய்வானாக. நம் பிள்ளைகளைக் கஸ்தூரியின் மணமுள்ள தோழர்களாக ஆக்குவானாக. ஆமீன்.